மீசை அரும்பும் வயதிலும் வாக்கியம் வளரும்

பத்து வயதுக்குள் திருந்தாத பேச்சு அப்புறம் திருந்தவே திருந்தாது என்று எங்கள் பக்கம் பெரியவர்கள் அடித்துச் சொல்வார்கள். படித்தவர்களும் இதையே வேறு விதமாகச் சொல்வதுண்டு: ஐந்து வயதுக்குள் பிடித்தால்தான் உண்டு, அதற்கு மேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று. என் மகனுக்கு இப்போது 17 வயது. அவனுக்கு மொழிக் குறைபாடு இருப்பது தெரியவந்ததே 12 வயதில். அவன் பேச்சில் இலக்கணம் கூடிவந்தது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். சீக்கிரம் கண்டுபிடித்தால் நல்லது, அதில் மறுபேச்சில்லை. ஆனால் எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு 'காலம் போய்விட்டது' என்று ஓய்ந்துபோயிருக்கும் பெற்றோருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் காங்கேயத்துக்குப் பக்கத்தில் தேங்காய்க் களம் வைத்திருக்கிறோம். தேங்காயை உடைத்து, வெயிலில் காயவைத்து, தொட்டியிலிருந்து, அதாவது சிரட்டையிலிருந்து, பருப்பை எடுத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போடுவது தொழில். வீட்டில் இரண்டு மாடும் உண்டு. மயிலை, செவலை, காரி, பிள்ளை என்று தூரத்தில் போகிற மாட்டின் நிறத்தைப் பார்த்துச் சொல்வதில் என் மகனை மிஞ்ச ஆள் கிடையாது. அவனுக்குச் சொற்கள் இல்லாமல் இல்லை. அதனால்தான் 12 வயது வரை யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 'கூச்சம்', 'அவங்க அப்பாரு மாதிரி, அதிகம் பேச மாட்டான்' என்றுதான் ஒறம்பரைகள், அதாவது உறவுக்காரர்கள், சொன்னார்கள்.

மொழிக் குறைபாடு என்றால் பேச்சே வராத பிள்ளை என்று பலர் நினைக்கிறார்கள். பதின்ம வயதில் அது அப்படித் தெரியாது. என் மகன் பேசினான், ஆனால் வாக்கியம் எப்போதும் குட்டையாக இருக்கும். "மாடு அவுத்து, கட்டுத்தறி வல்ல, ஓடிருச்சு" என்பான். அவன் வயதுப் பையன் "அவுத்துவிட்ட மாடு கட்டுத்தறிக்கு வராம ஓடிருச்சு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவான். இரண்டிலும் செய்தி ஒன்றுதான் என்பதால் வீட்டில் யாரும் நின்று கவனிப்பதில்லை. நடந்ததை வெளியாளுக்கு விளக்க வேண்டி வரும்போதுதான் வினை.

ஏழாவது படிக்கும்போது அப்படி ஒன்று நடந்தது. படிக்கட்டில் ஒரு பையன் இவனைத் தள்ளிவிட, இவன் இன்னொருவன் மேல் போய் விழுந்து, அந்தப் பிள்ளைக்குப் பல் உடைந்துவிட்டது. விசாரித்தபோது இவன் "நான் தள்ளுனான் சார், நான் தள்ளுனான்" என்றே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறான். 'நான்' என்று காதில் விழுந்ததும், பையன் ஒப்புக்கொண்டான் என்று முடிவு கட்டி வகுப்புக்கு வெளியே உட்காரவைத்துவிட்டார்கள். கூட இருந்த பிள்ளைகள் சொல்லித்தான் பிறகு உண்மை தெரிந்தது. அவன் சொன்னதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 'தள்ளுனேன்' என்று அவன் சொல்லவே இல்லை, 'தள்ளுனான்' என்றுதான் சொன்னான். தள்ளியவன் வேறொருவன் என்பது அந்த விகுதியிலேயே இருக்கிறது. 'நான்' என்பதை 'என்னைய' என்று மாற்றத்தான் அவனுக்கு வரவில்லை. ஒரே ஒரு வேற்றுமை உருபு இல்லாததால் அடிபட்டவன் அடித்தவன் ஆனான். இதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரியும்.

அதற்குப் பிறகு கோவைக்கு அழைத்துப் போனோம். முதலில் காது கேட்கும் திறனைச் சோதித்தார்கள். இதை யாரும் தாண்டிப் போகக் கூடாது. லேசாகக் காது மந்தமாக இருந்தாலே சொல்லின் கடைசியில் வரும் ஐ, கு, ஆல் எல்லாம் சரியாக விழாது. இவனுக்குக் காது நன்றாக இருந்தது. அப்புறம் பேச்சு மொழிப் பயிற்சியாளர் அம்மா ஒருவர் பல சோதனைகள் வைத்தார். அதில் இரண்டு என் மனதில் அப்படியே நிற்கின்றன.

ஒன்று, சொன்ன வாக்கியத்தைத் திரும்பச் சொல்வது. "மழை வந்ததனால அப்பா வாங்கிட்டு வந்த சாக்கைத் தம்பி உள்ள எடுத்து வெச்சான்" என்று அவர் சொன்னார். இவன் திருப்பிச் சொன்னது: "மழை வந்து, அப்பா சாக்கு, தம்பி உள்ள வெச்சான்." ஞாபக சக்தி போதாதோ என்று கேட்டேன். "ஞாபகமும் ஒரு பங்குதாங்க. ஆனா நாம வாக்கியத்தை ஒவ்வொரு சொல்லா மனசுல அடுக்கறதில்ல. இலக்கணத்தை வெச்சுச் சேர்த்துக் கட்டி வெச்சுக்கறோம். அந்தக் கட்டு இல்லைன்னா சிதறிரும்" என்றார். மொழிக் குறைபாட்டைக் கண்டறிய உலகம் முழுவதும் நம்பிப் பயன்படுத்தும் சோதனைகளில் இதுவும் ஒன்று.

இன்னொன்று படம் பார்த்துச் சொல்வது. "பூனை நாயைத் துரத்துது" என்றால் சரியான படத்தைக் காட்டினான். "நாயைப் பூனை துரத்துது" என்றதும் நாய் துரத்தும் படத்தைத் தொட்டான். முதலில் வருவதுதான் செய்கிற ஆள் என்று அவன் ஒரு கணக்கு வைத்திருக்கிறான். தமிழில் சொற்களை முன்னே பின்னே மாற்றிப் போடலாம். யார் எதைச் செய்தார் என்பதை உருபுதான் காட்டும். உருபைப் பிடிக்காத பிள்ளை பாதி நேரம் ஊகத்தில்தான் வாழ்கிறது. வகுப்பில், வீட்டில், விளையாட்டில் அவன் ஏன் அடிக்கடி மிரண்டு விழித்தான் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கியது.

இதற்கு வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு என்று பெயர். ஆங்கிலத்தில் டெவலப்மென்டல் லாங்குவேஜ் டிஸார்டர், சுருக்கமாக டி.எல்.டி. முன்பு ஆளுக்கொரு பெயரில் அழைத்துவந்ததை, டோரதி பிஷப் என்ற உளவியல் அறிஞரும் மற்ற வல்லுநர்களும் கலந்து பேசி 2017இல் இந்தப் பெயருக்குக் கொண்டுவந்தார்கள். காது கேளாமை, ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு போன்ற எதுவும் காரணமாக இல்லாமல், மொழி மட்டும் பிடிபடக் கஷ்டப்படும் நிலை இது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நடந்த ஆய்வுகளில் ஏறத்தாழ 7 விழுக்காடு பிள்ளைகளுக்கு இது இருப்பதாகக் கண்டார்கள். முப்பது பேர் வகுப்பில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளலாம். இவ்வளவு பரவலாக இருக்கும் ஒன்று நம் ஊரில் 'மக்கு', 'சோம்பேறி', 'திமிரு' என்ற பெயர்களில்தான் அறியப்படுகிறது.

காரணம் கேட்டவர்கள் எல்லோரும் கடைசியில் என்னிடம்தான் வந்து நின்றார்கள். "நீ எந்நேரமும் களத்துலயே கெடந்தா பையன் எப்படிப் பேசுவான்" என்று என் அத்தையே கேட்டார். செல்போன் கொடுத்ததால் என்றார் இன்னொருவர். தாய் வேலைக்குப் போவதால் இது வருவதில்லை. பரம்பரைக்கு இதில் பெரிய பங்கு உண்டு, ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பேருக்கு இருப்பது சகஜம். இரண்டு மொழி பேசுவதாலும் வருவதில்லை. இதைத் தாய்மார்கள் அழுத்தமாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஏனென்றால் பழியைச் சுமந்துகொண்டு பயிற்சி கொடுக்க முடியாது.

இனி, என்ன செய்தோம் என்பதைச் சொல்கிறேன்.

முதல் நாளே பயிற்சியாளர் ஒன்று சொன்னார். "சின்னப் புள்ளைன்னா வெளாட்டுலயே காதுல போட்டுப் போட்டு வரவைப்போம். இவனுக்கு அது மட்டும் பத்தாதுங்க. ஆனா இவனுக்கு யோசிக்கத் தெரியும். விதியை அவன்கிட்டயே உடைச்சுச் சொல்லிரலாம். அதுதான் இந்த வயசுல நமக்குப் பலம்." இங்கிலாந்தில் சூசன் எபல்ஸ் என்பவர் மொழிக் குறைபாடுள்ள பெரிய பிள்ளைகளுக்கு வடிவங்கள், நிறங்கள், அம்புக்குறிகள் கொண்டு வாக்கியத்தின் எலும்புக்கூட்டைக் கண்ணால் பார்க்கும்படி காட்டும் முறையை உருவாக்கினார். பதினோரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளும் அதில் முன்னேறியதை ஆய்வு செய்து 2007இல் வெளியிட்டார். அந்த முறை ஆங்கிலத்துக்கானது. எங்கள் பயிற்சியாளர் அதன் அடிப்படையை எடுத்துத் தமிழுக்குத் தோதாக மாற்றிக்கொண்டார்.

வீட்டில் எங்களுக்கு வாய்த்த பலகை களத்துச் சிமென்ட் தரைதான். பொழுதோட பருப்பை அள்ளிய பிறகு சாக்பீஸால் கட்டம் போடுவோம். செய்கிறவருக்குச் சிவப்புக் கட்டம், செய்யப்படுவதற்கு நீலக் கட்டம், வாங்கிக்கொள்பவருக்குப் பச்சைக் கட்டம். நீலத்துக்குள் போனால் 'ஐ' ஒட்ட வேண்டும், பச்சைக்குள் போனால் 'கு' ஒட்ட வேண்டும். அவனே போய் நிற்பான். சிவப்பில் நின்றால் 'நான்', நீலத்தில் நின்றால் 'என்னைய', பச்சையில் நின்றால் 'எனக்கு'. நீலத்தில் அவனையும் சிவப்பில் சித்தப்பா மகனையும் நிறுத்தி, "இப்போ யாரு யாரைத் தள்ளுனாங்க?" என்று கேட்டபோது, "அவன் என்னையத் தள்ளுனான்" என்று சொன்னவன் அப்படியே என் முகத்தைப் பார்த்தான். எந்தச் சண்டையைப் பற்றிப் பேசுகிறோம் என்று இருவருக்கும் தெரியும்.

பேச்சுத் தமிழில் இந்த ஐ உருபு ஒரே மாதிரி வருவதில்லை. 'தண்ணி குடிச்சேன்', 'சோறு தின்னேன்' என்றால் உருபே தேவையில்லை. 'தம்பி கூப்பிட்டேன்' என்றால் தப்பு, 'தம்பியக் கூப்பிட்டேன்' என்றுதான் சொல்ல வேண்டும். மற்ற பிள்ளைகள் இந்த வேறுபாட்டைக் கேட்டே பிடித்துவிடுகிறார்கள். இவனுக்கு 'ஆளா இருந்தா கண்டிப்பா ஐ' என்று விதியாகச் சொன்ன பிறகுதான் நிலைத்தது.

உருபைவிடக் கடினமாக இருந்தது பெயரெச்சம், அதாவது ஒரு பெயருக்கு முன்னால் வந்து அதை விளக்கும் வினை வடிவம். பாடப்புத்தகம் முழுக்க அதுதான். 'உரித்த' என்ற ஒரே வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'தேங்கா உரிச்ச அண்ணன்', 'அண்ணன் உரிச்ச தேங்கா', 'தேங்கா உரிச்ச பாரை'. ஆள், பொருள், கருவி மூன்றுக்கும் 'உரிச்ச' அப்படியே நிற்கிறது. பின்னால் வரும் பெயர் முன்னால் என்னவாக இருந்தது என்பதை நாம்தான் கண்டுகொள்ள வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்க முழு வாக்கியத்திலிருந்து தொடங்கினோம். 'அண்ணன் பாரையில தேங்காயை உரிச்சாரு' என்று நான்கு அட்டையில் எழுதித் தரையில் வைப்போம். எந்த அட்டையைப் பற்றிச் சொல்லப் போகிறானோ அதை உருவிக் கடைசிக்குக் கொண்டுபோக வேண்டும். போகும்போது அதன் உருபு உதிர்ந்துவிடும், வினையின் வாலும் வெட்டுப்படும். அட்டையை உருவிய இடம் காலியாகத் தெரியும். அந்தக் காலி இடத்தைப் பார்த்து, "தேங்கா இங்கிருந்துதான போச்சு, அப்ப உரிச்சது அண்ணன்" என்று அவனே சொல்ல ஆரம்பித்தான்.

அட்டையில் வந்தது வாயில் வர வேலைதான் உதவியது. களத்தில் நேற்றுக் காயவைத்ததையும் இன்றைக்கு உடைத்ததையும் கலந்தால் பருப்பு பூசணம் பிடிக்கும். அதனால், "நேத்து காயவெச்ச பருப்பை அள்ளிட்டு வா, இன்னிக்கு உடைச்சதை அப்படியே உடு" என்று அவனிடமே பொறுப்பை விட்டோம். முதலில் தடுமாறினான். பக்கத்தில் நின்று கையைக் காட்டினோம். கொஞ்ச நாளில் கை காட்டுவதை நிறுத்தினோம். பிறகு அவனே வேலைக்கு வரும் அண்ணன்களுக்கு இப்படிச் சொல்லத் தொடங்கினான். பிள்ளைக்கு அந்த இலக்கணம் உண்மையிலேயே தேவைப்படும் இடத்தைத் தேடிப் பிடியுங்கள். தறி இருக்கும் வீட்டில் பாவும் ஊடையும் இருக்கும், பனியன் கம்பெனி வேலை செய்யும் வீட்டில் வெட்டிய துணியும் தைத்த துணியும் இருக்கும், ஒன்றுமில்லாவிட்டாலும் சமையலறை எல்லா வீட்டிலும் இருக்கிறது.

வாக்கியங்களை இணைப்பதற்கு மழை கிடைத்தது. 'மழை பெஞ்சா பருப்பை அள்ளோணும்.' 'மழை பெஞ்சாலும் பரவால்ல, தார்ப்பாய் மூடியிருக்குது.' 'மழை பெஞ்சதுனால பருப்பு கறுத்துப்போச்சு.' ஒரே வினை, மூன்று வால், மூன்று அர்த்தம். ஒரு வால் நன்றாகப் பிடிபட்ட பிறகுதான் அடுத்தது. 'ஆலும்' இவனுக்கு ரொம்ப நாள் இழுத்தது, இப்போதும் அவசரத்தில் விட்டுவிடுவான்.

பயிற்சி நேரத்துக்கு வெளியே நாங்கள் செய்தது ஒன்றே ஒன்று. அவன் சொன்னதைத் திருத்தாமல், முழு வடிவத்தில் நாம் திருப்பிச் சொல்லிப் பேச்சைத் தொடர்வது. "லாரி வந்து, மூட்டை ஏத்தி, அண்ணன் காசு" என்று வந்து நிற்பான். "ஓ, மூட்டை ஏத்துன அண்ணனுக்குக் காசு குடுக்கோணுமா? செரி, பெட்டியில இருக்குது, எடுத்துக் குடு கண்ணு" என்பேன். அவ்வளவுதான். 'எங்கே, சரியாச் சொல்லு' என்று நிறுத்தினால் மறுநாள் வந்து சொல்லவே மாட்டான். இந்த முறை சின்னப் பிள்ளைகளுக்குப் பலன் தருவதாக நிறைய ஆய்வுகள் உண்டு. பெரிய பிள்ளைகளுக்கு இது மட்டும் போதாது, கட்டமும் அட்டையும் கூடவே வேண்டும். எந்த இலக்கணத்தில் பயிற்சி நடக்கிறதோ அதை மட்டும் இப்படித் திருப்பிச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னால் எதுவும் காதில் நிற்காது. அவன் தொடங்கிய வாக்கியத்தை முந்திக்கொண்டு முடித்துவைக்காமல் இருப்பது இதைவிட முக்கியம். எங்கள் வீட்டில் அதற்கு எல்லோரையும் பழக்குவது பெரும்பாடாக இருந்தது. அவன் அப்பத்தா பாசத்தில் எப்போதும் முடித்துவைத்துவிடுவார்.

வீட்டில் புத்தகத் தமிழ் பேசலாமா, ஆங்கிலத்துக்கு மாறலாமா என்று கேட்டேன். "உங்க ஊர்ப் பேச்சையே பேசுங்க" என்றார் பயிற்சியாளர். பேச்சில் ஒரு வடிவம் உறுதியான பிறகு, பக்கத்திலேயே எழுத்து வடிவத்தை எழுதிப் பழக்கினோம். 'வந்தாங்க' என்றால் 'வந்தார்கள்', 'போச்சு' என்றால் 'போயிற்று'. பள்ளிக்கூடம் இரண்டாவதாக ஓர் இலக்கணத்தைக் கேட்கிறது என்பதை மொழி எளிதாக வரும் பிள்ளைகள் உணர்வதே இல்லை. இவனுக்கு அது தனிச் சுமை.

கணக்கில் அவன் வாங்கிய மதிப்பெண்ணுக்கும் கணக்குக்கும் சம்பந்தமே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். களத்தில் எடை, விலை, கழிவு எல்லாம் மனக்கணக்காகப் போடுவான். 'அக்காவைவிடத் தம்பியிடம் 5 ரூபாய் குறைவாக உள்ளது' என்று எழுதினால் யாரிடம் குறைவு என்று தெரியாமல் நிற்பான். அவனுடைய கணக்கு ஆசிரியரிடம் இதை விளக்கினோம். அவர் நீளமான வாக்கியத்தை இரண்டாக உடைத்து எழுதிக் கொடுத்தார். வகுப்பில் ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொன்னார். அவனைக் கேள்வி கேட்டால் பதில் வரும்வரை காத்திருந்தார். அவர் செய்தது இவ்வளவுதான், மதிப்பெண் ஏறியது. மொழி ஆசிரியர் மட்டுமல்ல, எல்லாப் பாட ஆசிரியரும் இதைத் தெரிந்துவைத்திருந்தால் எத்தனையோ பிள்ளைகள் தப்பிக்கும்.

சட்டமும் கொஞ்சம் துணை நிற்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்பதற்கான விளக்கத்தில், பேச்சு மொழியையோ எழுத்து மொழியையோ கையாள்வதில் வரும் சிக்கலும் அடங்கும். சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதும் ஆள் போன்ற சலுகைகள் கேட்கலாம். அலைச்சல் உண்டு, மறைக்கவில்லை. ஒன்பதாவதிலேயே தொடங்கினால் பத்தாவதில் நெருக்கடி இருக்காது.

இன்றைக்கு அவன் வியாபாரிகளிடம் போனில் பேசுகிறான். "நீங்க போன வாரம் அனுப்பிச்ச சாக்குல ரெண்டு கிழிஞ்சிருக்குதுங்க" என்று அவன் சொன்னதை அடுத்த அறையிலிருந்து கேட்டேன். பெயரெச்சமும் இருந்தது, மரியாதையும் இருந்தது. இன்னும் வராதவையும் நிறைய. நீளமான சம்பவத்தைச் சொன்னால் யார் யாரிடம் சொன்னார் என்பது குழம்பும். களைத்துப்போயிருந்தால் உருபுகள் மறுபடி உதிரும். கட்டுரை எழுதச் சொன்னால் பழைய குட்டை வாக்கியங்கள் வந்துவிடும். இது முழுக்கக் குணமாகும் என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். வளர்ந்தது, இன்னும் வளர்கிறது.

எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: மத்திய அரசு 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்ற குழந்தைகள் நலத் திட்டம் பிறந்தது முதல் 18 வயது வரைக்குமானது, மொழி வளர்ச்சித் தாமதமும் அதில் உண்டு. அதன் கீழ் மாவட்ட அளவில் இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் இலவசமாகப் பார்க்கிறார்கள். உங்கள் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடமும் கேட்கலாம். தாளவாடி, சத்தியமங்கலம் பக்கம் இருப்பவர்களுக்கு மைசூரில் 1965 முதல் இயங்கும் அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் அப்படியொன்றும் தூரமில்லை. தனியாரிடம் போனால், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

போகும் முன் ஒரு வாரம், பிள்ளை பேசும் வாக்கியங்களை அவன் சொன்னபடியே, திருத்தாமல், ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். என்ன சொல்ல வந்தான் என்பதைப் பக்கத்தில் குறியுங்கள். யாரிடம், எந்த நேரத்தில் பேசினான் என்பதும் இருக்கட்டும். நீங்கள் சொன்னது அவனுக்குப் புரியாமல் போன இடங்களையும் எழுதுங்கள், அதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். எந்த உருபு விழுகிறது, எந்த இணைப்பு வரவில்லை என்று பயிற்சியாளர் அந்த நோட்டைப் பார்த்தே பாதி கண்டுபிடித்துவிடுவார்.